பிஆருக்கான ஐஇஎல்டிஎஸ்: கட்டுரையில் மார்க் எங்கே போகிறது?

கனடாவுக்குப் படிக்க வரும்போது எழுதிய அகாடமிக் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, பிஆர் எனும் நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குச் செல்லாது. அதே தேர்வின் இன்னொரு வகையான ஜெனரல் டிரெயினிங் எழுத வேண்டும். அந்த ரிசல்ட்டும் இரண்டு ஆண்டுகளுக்குத்தான். ரைட்டிங்கில் 6 வந்தால் சிஎல்பி (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) 7, 7 வந்தால் சிஎல்பி 9. நம்மவர்களில் பலர் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் தேறிவிட்டு, ரைட்டிங்கில் 7-ஐ எட்டாமல் 6.5-இல் மாட்டிக்கொள்கிறார்கள்.

ரைட்டிங்கில் ஒரு கடிதமும் ஒரு கட்டுரையும் எழுத வேண்டும், நேரம் 60 நிமிடம். கடிதம் குறைந்தது 150 சொல், கட்டுரை 250. கட்டுரைக்குக் கடிதத்தைப் போல இரு மடங்கு மதிப்பு என்பதால் அதற்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள். கட்டுரையை முதலில் எழுதவும் தடையில்லை.

மார்க் பெரும்பாலும் போவது ஆங்கிலம் போதாமல் அல்ல, கேட்டதற்குப் பதில் சொல்லாமல். ‘வீட்டிலிருந்து வேலை செய்வதே நல்லது என்கிறார்கள் சிலர், அலுவலகமே மேல் என்கிறார்கள் வேறு சிலர், இரு தரப்பையும் பேசி உங்கள் கருத்தைக் கூறுக’ என்று ஒரு கேள்வி. இதில் வேலை மூன்று. மூன்றாவதைக் கடைசி வரியில் ஒப்புக்குச் சொல்லி முடிப்பவர்களே அதிகம். உங்கள் கட்சி எது என்பது முதல் பத்தியிலேயே தெரியட்டும்.

அடுத்து, ஒரு பத்தியில் நான்கு காரணங்களை அடுக்காதீர்கள். ஒன்றை எடுத்து விரியுங்கள். ‘நேரம் மிச்சமாகும்’ என்பதோடு நிறுத்தாமல், பிராம்ப்டனிலிருந்து டொரொண்டோ டவுன்டவுனுக்குத் தினமும் போய் வருபவருக்குப் பயண நேரம் மிஞ்சினால் அதை என்ன செய்வார், அதனால் முதலாளிக்கு என்ன லாபம் என்பது வரை போங்கள். சொந்த அனுபவத்திலிருந்து உதாரணம் தரலாம், கேள்வித்தாளே அதற்கு இடம் தருகிறது.

மனப்பாடம் செய்த முன்னுரையை எந்தத் தலைப்பிலும் ஒட்டுவது வீண். ‘இன் திஸ் மாடர்ன் எரா’ எடுபடாது. கேள்வி வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதினால் அந்தச் சொற்கள் கணக்கில் வராது.

கடைசி ஐந்து நிமிடம் பிழை பார்க்க. நம் ஆட்களிடம் திரும்பத் திரும்ப வருபவை: விட்டுப்போன ‘எ’, ‘தி’; ‘ஹி’, ‘ஷி’க்குப் பின் வினையில் விடுபடும் ‘எஸ்’, ‘ஆல்தோ’ என்று தொடங்கிய வாக்கியத்தில் மறுபடி ஒரு ‘பட்’, ‘டிஸ்கஸ்’ஸுக்குப் பின் தேவையில்லாத ‘அபவுட்’, ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அட்வைசஸ்’ என்று பன்மை ஆகாத சொற்களில் ஒட்டும் ‘எஸ்’. கம்ப்யூட்டரில் எழுதினால் சொல் எண்ணிக்கை திரையில் தெரியும். எழுத்துப்பிழையை அது காட்டித் தராது.

அரை பேண்டில், அதாவது 0.5 மார்க்கில், தவறினால் தேர்வு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் ரைட்டிங்கை மட்டும் மறுமதிப்பீட்டுக்குக் கொடுக்கலாம். மார்க் மாறினால் கட்டிய பணம் திரும்ப வரும்.