கெட்டுப்போன சிபில்: சரிசெய்யப் போய் மறுபடி மாட்டிக்கொள்ளும் இடங்கள்

தவணையை நாள் தவறாமல் கட்ட வேண்டும், கார்டைக் கண்டபடி தேய்க்கக் கூடாது என்பதெல்லாம் தெரியாதவர் யாரும் இல்லை. அதை விட்டுவிடுவோம். நாலைந்து வருடம் கடனில் தத்தளித்து, இப்போதுதான் கையில் கொஞ்சம் காசு புரண்டு, பேரைச் சரிசெய்யக் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள் வேறு ரகம். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஆள் மாறுகிறதே தவிர, தவறு மாறுவதில்லை.

ரிப்போர்ட்டைப் படிக்காமல் பணத்தைக் கட்டுவது

செல்போன் ஆப்பில் 580 என்றோ 610 என்றோ ஒரு எண் வரும். நாம் கடனை எப்படிக் கட்டினோம் என்பதற்கான மதிப்பெண் அது, அதைத்தான் ஸ்கோர் என்கிறோம். அதை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நம் கடன் விவரங்களைத் தொகுத்து வைக்கும் நாலு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நம் ரிப்போர்ட்டை நாமே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையாது.

நாலையும் எடுங்கள். மகளிர் குழுக்கடன் ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஒவ்வொரு கணக்கிலும் நிலை என்ன என்று பாருங்கள்: குளோஸ்டு (முழுசாகக் கட்டி முடித்தது), செட்டில்டு (குறைத்துக் கட்டி முடித்தது), ரைட் ஆஃப். அதற்குக் கீழே 36 மாதக் கட்டம் இருக்கும். தவணை எத்தனை நாள் தாமதம் என்பதை அது மாதம் மாதமாகக் காட்டும். ‘ரைட் ஆஃப்’ என்றால் கடன் தள்ளுபடி என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் செய்த வேலை அது. உங்கள் பாக்கி அப்படியே இருக்கிறது. கடனை வங்கி ஒரு சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு, அதாவது வாராக்கடனை வாங்கி வசூலிக்கும் நிறுவனத்துக்கு விற்றிருந்தால், பணத்தை அங்கேதான் கட்ட வேண்டும்.

செட்டில்மெண்ட்

இதை எத்தனை தடவை சொன்னாலும் ஆத்திரம் அடங்குவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பர்சனல் லோன் பாக்கி 1,60,000 ரூபாய். அதில் அசல் 1,05,000. மிச்சம் வட்டியும் அபராதமும். வசூல் ஏஜென்ட் கூப்பிட்டு, “75,000 கட்டுங்க, இன்றோட ஃபைல் முடிஞ்சுது” என்கிறார். பாதிக்கும் குறைவாக முடிகிறதே என்று நகையை விற்றுக் கட்டிவிடுகிறார்கள். கடிதமும் கையில் கிடைக்கிறது. மூன்று வருடம் கழித்து வீட்டுக்கடனுக்குப் போனால், ரிப்போர்ட்டில் அந்தக் கணக்கு ‘செட்டில்டு’ என்று நிற்கிறது. முழுசாகக் கட்டாமல் முடித்தவர் என்பதுதான் அதற்கு வங்கிக்காரர் எடுத்துக்கொள்ளும் அர்த்தம். இந்த நிறுவனங்கள் குறைந்தது 7 வருடத் தகவலை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதுபோக, ரிசர்வ் வங்கியின் 2023 ஜூன் வழிமுறைப்படி, சமரசமாக முடித்தவருக்கு அந்த வங்கி குறைந்தது 12 மாதம் புதுக்கடன் தரக் கூடாது. விவசாயக் கடனுக்கு மட்டும் கணக்கு வேறு.

லோக் அதாலத்தில் முடித்தால் இந்தச் சிக்கல் வராது என்பதும் தப்பு. அங்கேயும் தொகையைக் குறைத்து முடித்தால் அதே சொல்தான் ஏறும்.

பேரம் பேசலாம். எதைப் பேசுகிறோம் என்பதில்தான் விஷயம். அபராதத்தையும் பிற கட்டணங்களையும் முதலில் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். நீக்கியபின் நிற்கும் பாக்கியை முழுசாகக் கட்டுவதாகச் சொல்லுங்கள். ‘கட்டியதும் கணக்கு குளோஸ்டு என்று தெரிவிக்கப்படும்’ என்ற வரி வங்கியின் லெட்டர்ஹெட்டில் வந்தபிறகுதான் பணம். ஏஜென்டின் ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது. நேராக லோன் கணக்குக்கே போக வேண்டும். பிறகு நிலுவை இல்லாச் சான்று வாங்குங்கள். செட்டில்மெண்ட் கடிதம் வேறு, இந்தச் சான்று வேறு.

ஏற்கெனவே செட்டில் செய்தவர்களுக்கும் வழி இருக்கிறது. மேலே சொன்ன கணக்கில் வங்கி விட்டுக்கொடுத்தது 85,000. கிளைக்கு எழுத்தில் கேட்டு, அதைக் கட்டி, சான்று வாங்கி, நிலையை மாற்றச் சொல்லலாம். பழைய தாமதக் கட்டங்கள் அழியாது. ‘செட்டில்டு’ என்ற சொல் போகும். வங்கிகள் இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்ப வேண்டும். ஒன்றரை மாதத்தில் மாறவில்லையென்றால் சிபில் தளத்திலேயே புகார் போடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மன், அதாவது குறைதீர்ப்பாளர். விவரம் கேட்க 14448.

‘சிபில் ஏற்றித் தருகிறோம்’ என்பவரிடம் போவது

போகாதீர்கள். அவர் போடும் புகாரை நீங்களே இலவசமாகப் போடலாம்.

எல்லாம் அடைத்துவிட்டுச் சும்மா இருப்பது

பழைய கடன் முடிந்தால் ஸ்கோர் தானாக ஏறிவிடாது. ஒழுங்காகக் கட்டுகிறார் என்று காட்ட ஏதாவது ஒன்று ஓட வேண்டும். வைப்புத்தொகையின்மேல் தரும் கிரெடிட் கார்டு இதற்கு நல்லது. 20,000 ரூபாய் டெபாசிட்டுக்கு 80 சதவீதம் கிடைத்தால் லிமிட் 16,000. பில் போடும் நாளில் பாக்கி 4,800-க்குள், அதாவது 30 சதவீதத்துக்குள் இருக்கட்டும். பெரும்பாலும் பில்லில் நிற்கும் தொகைதான் ரிப்போர்ட்டுக்குப் போகிறது. ஆகவே கூடுதலாகச் செலவானால் பில் வருவதற்கு முன்பே கட்டிவிடுங்கள். ‘மினிமம் டியூ’ மட்டும் கட்டுவது மறுபடி பழைய குழிக்கே கொண்டுபோகும்.

ஒரே வாரத்தில் ஐந்து வங்கியில் மனுப் போட்டால் ஐந்து விசாரணையும் பதிவாகும். ஒன்று போதும்.

பணையம் வைத்த நகையை ஏலத்துக்கு விடுவது

“நகை அவங்ககிட்டதானே இருக்கு” என்று திருப்பாமல் விடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். வங்கி, நிதி நிறுவன நகைக்கடனும் ரிப்போர்ட்டில் ஏறும். ஏலத்தொகை போதாவிட்டால் மிச்சம் உங்கள் பேரில் பாக்கியாக நிற்கும். தெருமுனை வட்டிக்கடையில் எத்தனை ஒழுங்காகக் கட்டினாலும் அது எங்கேயும் ஏறாது.

ஜாமீன்

மச்சினனுக்கானாலும் இப்போது வேண்டாம். அவர் கட்டாத மாதம் உங்கள் ரிப்போர்ட்டிலும் விழும்.

மாதச் சம்பளக்காரர்போல் தவணை போடுவது

கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டம் விசைப்படகுக்காரருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. மேற்குக் கடற்கரையான குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் அது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மழை பிடித்தால் ரப்பர் பால்வெட்டும் நின்றுவிடும். புதுக்கடன் வாங்கும்போதே வருமானம் வராத மாதங்களைச் சொல்லி, தவணையை அதற்கேற்ப வைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், தொழில் நடக்கும் மாதங்களிலேயே மூன்று தவணைக்கான பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, தவணை பிடிக்கும் கணக்காக அதையே கொடுங்கள். ஏடிஎம் கார்டை வீட்டுக்காரி கையில் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.