‘மனச்சோர்வு மரபணு’ என்ற செய்தியை எடைபோடுவது எப்படி?

மனச்சோர்வு நோய்க்கான மரபணு கண்டறியப்பட்டது என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கிறது. தாய்க்கோ அண்ணனுக்கோ இந்நோய் வந்த வீட்டில் அதைப் படிப்பவருக்கு, ‘எனக்கும் வருமா?’ என்ற கேள்விதான் முதலில் எழும். அந்தப் பயத்தை எவ்வகையிலும் குறைத்து மதிப்பிடாமல், செய்தியை எப்படிச் சரிபார்ப்பது என்று சொல்கிறேன்.

முதலில், ஆய்வில் எத்தனை பேர் இடம்பெற்றனர் என்று பாருங்கள். நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்த 847 பேரை வைத்து 2003-இல் வெளியான ஆய்வு, மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரட்டோனினைக் கடத்தும் புரதத்துக்கான மரபணுவின் குட்டை வடிவத்தைப் பெற்றவர்கள், வாழ்க்கையில் அடிமேல் அடி விழும்போது மற்றவர்களைவிட எளிதில் மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள் என்றது. 2009-இல் 14 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது அந்தத் தொடர்பு தென்படவில்லை. 2019-இல், அதுவரை பெயர்பெற்றிருந்த 18 மரபணுக்களைப் பல லட்சம் பேரின் தரவுகளில் சோதித்ததில், ஏனைய மரபணுக்களைவிட அவற்றுக்குத் தனிச்சிறப்பு எதுவும் இல்லை என்று தெரிந்தது.

அதற்காக மரபுக்குப் பங்கே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. டி.என்.ஏ. முழுவதையும் அலசும் ஆய்வுகளில், 2013-இல் சுமார் 9,000 நோயாளிகளை வைத்துத் தேடியபோது உறுதியாக ஒன்றும் சிக்கவில்லை. 2018-இல் அந்த எண்ணிக்கை 1,35,000-ஐத் தாண்டியபோது டி.என்.ஏ.வில் நோயோடு தொடர்புள்ள 44 இடங்களும், அடுத்த ஆண்டே இன்னும் பெரிய ஆய்வில் அத்தகைய 102 மரபு வேறுபாடுகளும் கிடைத்தன. ஒவ்வொன்றின் விளைவும் கடுகளவுதான். ஆகவே, ஒரே மரபணுவைக் காரணமாகக் காட்டும் தலைப்பைச் சந்தேகத்தோடு படியுங்கள்.

அடுத்து, ‘37 சதவீதம் பரம்பரை’ என்ற எண்ணைக் கவனமாகக் கையாளுங்கள். இரட்டையர் ஆய்வுகளிலிருந்து பெறப்பட்ட இந்த எண், ஒருவருடைய நோயில் 37 பங்கு தாய்தந்தையர் தந்தது என்று சொல்லவில்லை. ஒரு மக்கள்கூட்டத்தில் சிலருக்கு நோய் வருவதற்கும் சிலருக்கு வராததற்கும் இடையிலான வேறுபாட்டில், மரபு வேறுபாடுகளால் விளக்கக்கூடிய பகுதியை மட்டுமே அது குறிக்கிறது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ நோய் இருந்தால் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்காகிறது என்பது உண்மையே. ஆயினும் அப்படிப்பட்டவர்களிலும் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை. பெண் பார்க்கும்போது ‘அந்தக் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தாராமே’ என்று சம்பந்தத்தையே கைவிடுவது, இந்த எண்களுக்கு நாம் இழைக்கும் அநீதி.

பணம் கட்டி எச்சில் மாதிரியை அனுப்பிப் பெறும், நோய் வரும் வாய்ப்பைக் கணிப்பதாகச் சொல்லும் மரபணு மதிப்பெண்ணையும் நம்ப வேண்டாம். அதற்கு அடிப்படையான தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையவை. நம்மவருக்கு அவை இன்னும் குறைவாகவே பொருந்தும்.

அந்தப் பணத்துக்குப் பதில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள். ‘கிணற்றில் தவறி விழுந்துவிட்டார்’ என்று சொல்லி முடிக்கப்பட்ட ஒரு சித்தப்பாவின் கதை, பொறுமையாகக் கேட்டால் வேறுவிதமாக வெளிவரலாம், வற்புறுத்தாதீர்கள். யாருக்கு, எந்த வயதில் தொடங்கியது, எந்த மருந்து கேட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் உறங்காமல் அளவுகடந்த உற்சாகத்தோடு பணத்தை வாரி இறைத்தவர் யாராவது இருந்தால், அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். அது இருதுருவ நோயாக இருந்திருக்கலாம் என்பதால், உங்களுக்கு அவர் எழுதும் மருந்தே மாறக்கூடும்.