ஊட்டிக்கு வருகிறவர்கள் டிக்கெட்டில் கோட்டைவிடும் இடங்கள்

குன்னூர் பஸ் நிலையத்தில் சனிக்கிழமை காலை பத்து நிமிடம் நின்று பாருங்கள். பஸ்ஸில் ஏறியதும் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டும் வெளியூர்க்காரர் ஒருவராவது கண்ணில் படுவார். நடத்துனர் முகம் சுளித்தாலும் வாங்கிக்கொள்வார். மீதியை டிக்கெட்டின் பின்னால் பேனாவால் எழுதித் தந்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. கரூரிலிருந்து வந்த என் சித்தப்பா, ஊட்டிக் குளிரைக் கண்ட உற்சாகத்தில் அப்படியே இறங்கிவிட்டார். தேநீர்க் கடையில் சட்டைப்பையைத் துழாவியபோது அந்தச் சீட்டு கையில் வந்தது. பின்பக்கத்தில் நானூற்றுச் சொச்சம். பஸ் எப்போதோ கிளம்பியிருந்தது. மேட்டுப்பாளையத்திலேயே பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக மாற்றிக்கொண்டு மலை ஏறுங்கள். கைப்பேசியில் பணம் செலுத்தும் வசதி உள்ள பஸ்ஸாக இருந்தாலும், கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னலை நம்ப முடியாது.

பெண்களுக்கு எல்லாப் பஸ்ஸும் இலவசம் என்று எண்ணி ஏறுவது இன்னொன்று. சாதாரணக் கட்டண பஸ்களுக்காக 2021-இல் வந்த திட்டம் அது. மலைப்பகுதிக்கு நீட்டிக்கும் அறிவிப்பு 2024-இல்தான் வந்தது. இந்த பஸ்ஸுக்குப் பொருந்துமா என்று ஏறும்போதே கேட்டுவிடுங்கள். பொருந்தினாலும் கட்டணமில்லாச் சீட்டை வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும்.

அதிகம் ஏமாற்றம் தருவது மலை ரயில்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர் பாதை. குன்னூர் வரை 1899-இலும் ஊட்டி வரை 1908-இலும் வந்தது. நீராவி எஞ்சினும் பற்சக்கரத் தண்டவாளமும் ஊட்டியிலிருந்து ஏறினால் கிடைக்கும் என்று நினைத்து, பலர் ஊட்டி–குன்னூர் டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பகுதியில் இழுப்பது டீசல் எஞ்சின். பற்சக்கரம் இருப்பது கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில். அதைப் பார்க்க வேண்டுமானால் மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் கிளம்பும் ரயிலில் இடம் பிடிக்க வேண்டும். சீசனில் முன்பதிவு திறந்த கையோடு அது தீர்ந்துபோகும். வழியில் வரும் கேத்தி, லவ்டேல் அழகு போதும் என்பவருக்கு ஊட்டி–குன்னூர் பயணமே தாராளம். எனக்கும் அதுதான் பிடிக்கும்.

ஆன்லைனில் எடுத்த காத்திருப்போர் பட்டியல் டிக்கெட்டோடு விடியற்காலையில் நடைமேடையில் நிற்பவர்களைக் கண்டால் பாவமாக இருக்கிறது. பயணிகளின் இறுதிப் பட்டியல் தயாரானதும் இடம் கிடைக்காத அந்த டிக்கெட் தானாகவே ரத்தாகிவிடும். அதை வைத்து ஏற முடியாது. வடகிழக்குப் பருவமழையில் மண்சரிந்து ரயிலே ரத்தாவதும் உண்டு. ரயில்வே ரத்து செய்தால் கட்டணம் திரும்பி வரும். அன்றைக்கு பஸ் ஏறிவிடுங்கள்.

ஊட்டிக்கு வண்டியில் வருவதற்கான அனுமதிச் சீட்டான இ-பாஸ் எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரிடமும் ஏமாறாதீர்கள். அது சொந்த வண்டியிலும் வாடகை வண்டியிலும் வருகிறவர்களுக்கு; விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. அரசு பஸ்ஸில் வருகிறவருக்கு அது தேவையே இல்லை.

ஆட்டோவில் தொட்டபெட்டாவுக்குப் போகும்போது போகவர எவ்வளவு என்று மட்டும் பேசாமல், மேலே காத்திருப்பதற்கும் சேர்த்தா என்று கேளுங்கள். மேகம் விலகட்டும் என்று அரை மணி நேரம் நின்றுவிட்டுக் கீழே வந்தபிறகு பேரம் பேசினால் உங்கள் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள்.