ஊட்டிக்கு டென்னிஸ் ஆடப் போகிறீர்களா? முதலில் பந்தை அளந்து பாருங்கள்

கோவையில் வாரம் நான்கு நாள் ஆடுகிறவன் நான். ஊட்டியில் ஓர் இரட்டையர் போட்டிக்கு அழைப்பு வந்ததும் ஒரே கவலைதான் இருந்தது: மூச்சு வாங்குமே! ஒரு மாதம் விடியற்காலையில் ஓடினேன், மருதமலைப் படிகளை ஏறி இறங்கினேன். ஆனால் அங்கே மூச்சு வாங்கும் அளவுக்கு ஆட்டம் நீளவே இல்லை. அடித்ததெல்லாம் ஆடுகளத்தின் பின்கோடான பேஸ்லைனைத் தாண்டிப் பின்வேலியில் மோதியது. அரை மணி நேரத்தில் தோற்றோம். இறங்கி வரும்போது கூட்டாளி மேட்டுப்பாளையம் வரை என்னிடம் பேசவில்லை.

அடுத்த ஆண்டு அரையிறுதி வரை போனோம். இடையில் மாற்றியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். கையில் ராக்கெட் பிடித்து ஓரளவு ஆடத் தெரிந்தவர்களுக்குத்தான் இது.

படி 1: பந்து

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நீளும்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். டப்பாவில் வரும் சாதாரணப் பந்துக்குள் அடைத்த காற்று அப்படியே இருக்க, வெளியே அழுத்தம் குறைந்துவிடுவதால் பந்து விறைத்துக்கொண்டு துள்ளுகிறது. காற்றின் அடர்த்தியும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் பறக்கிற பந்துக்குத் தடையும் குறைவு. இரண்டும் சேர்ந்தால் பின்வேலிதான்.

இதற்காகவே சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிகளில், 1,219 மீட்டருக்கு மேலே ஆடுவதற்கென்று தனிப் பந்து வகை உண்டு. சாதாரணப் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் போட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும். மலைப் பந்து 122 முதல் 135 வரைதான் எழும்பலாம். நான் விசாரித்த கடைகளில் மலைப் பந்து கிடைக்கவில்லை. எனவே சாதாரணப் பந்தையே அந்த அளவுக்குக் கொண்டுவந்தேன்.

டப்பாவைத் திறந்து, ஆடாமல் அலமாரியில் வையுங்கள். உள்ளழுத்தம் தானாகக் கசியும். ஆடித் தேய்ந்த பழைய பந்து வேண்டாம். மேலிருக்கும் ரோமம் போன பந்து காற்றில் இன்னும் வேகமாகப் போகும். வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள். மாடிப்படிச் சுவரில் அளவுநாடாவை ஒட்டி, பந்தின் அடிப்பாகம் 254-ல் இருக்கும்படி பிடித்து, உந்தாமல் கையை விட்டுவிட வேண்டும். எழும்பும் உயரத்தையும் அடிப்பாகத்தை வைத்தே பார்க்க வேண்டும்.

நான் செய்த பிழை: நின்றபடி கைப்பேசியில் படம் பிடித்தேன். மேலிருந்து பார்த்ததால் நாடாவில் 6 செ.மீ. தவறாகத் தெரிந்தது. நாற்காலியில் புத்தகங்களை அடுக்கி, கைப்பேசியைச் சரியாக 130 செ.மீ. உயரத்தில் வைத்து மெதுவோட்டத்தில் எடுத்த பிறகே கணக்குச் சரியானது. புதுப் பந்து 141 காட்டியது. ஐந்து வாரத்தில் 129. உங்கள் பந்துக்கு வேறு கணக்கு வரலாம்.

போட்டியில் நடத்துகிறவர்கள் தரும் பந்தில்தானே ஆட வேண்டும் என்பீர்கள். உண்மை. அங்கே என்ன பந்து என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நான் முதல் ஆண்டு கேட்கவில்லை. சாதாரணப் பந்து என்றால் அடுத்த இரண்டு படிகள்தான் துணை.

படி 2: ஸ்ட்ரிங்

வழக்கமாக ஸ்ட்ரிங்கை 52 பவுண்டு இறுக்கத்தில் கட்டுவேன், ஊட்டிக்கு 55. அதற்கு மேல் ஏற்றினால் முழங்கை வலி தேடி வரும். பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்கே என் விருப்பம். நைலானில் பந்து கவண்கல் மாதிரி கிளம்பிவிடுகிறது.

படி 3: அடி

காற்று மெலிந்திருப்பதால் டாப்ஸ்பின் (பந்தை முன்னோக்கிச் சுழலவிடும் அடி) அடித்தாலும் பந்து வழக்கம்போலக் கீழே இறங்காது. ராக்கெட்டைப் பின்னால் இழுப்பதைப் பாதியாகக் குறைத்து, பேஸ்லைனுக்கு ஒன்றரை மீட்டர் உள்ளே குறிவைத்தேன். எதிராளியின் தலைக்கு மேலே தூக்கி அடிக்கும் லாபை மறந்துவிடுங்கள். பக்கவாட்டில் சுழன்று வளைய வேண்டிய ஸ்லைஸ் சர்வீஸும் வளையாமல் நேராகப் போய் எதிராளிக்கு விருந்தாகும். உதைத்து எழும்பும் கிக் சர்வீஸ்தான் நல்லது, தோளுக்கு மேலே ஏறுகிறது.

இது நம் மலைக்கு மட்டுமான கதை அல்ல. ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் பொகோட்டாவில் 2013-இல் ஒற்றையர் பட்டம் வென்றவர் சர்வீஸுக்குப் பேர்போன இவோ கார்லோவிச். இரட்டையரில் வென்றவர்கள் நம் பூரவ் ராஜாவும் திவிஜ் சரணும்.

படி 4: மூச்சு

இரண்டு நாள் முன்னதாகப் போய்விடுங்கள். முதல் நாள் அரை மணி நேரம், மெதுவான ராலி மட்டும். புள்ளிகளுக்கு நடுவே கிடைக்கும் 25 விநாடியை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீர் குடியுங்கள். வெயிலும் உறைக்காது. மாலையில் கண்ணாடி பார்க்கும்போதுதான் மூக்கு உரிந்திருப்பது தெரியும்.

உயரப் பயிற்சிக்கென்று விற்கும் முகக்கவசம் வெறும் பணவிரயம். அது மூச்சை அடைக்குமே தவிர, காற்றழுத்தத்தைக் குறைக்காது.

பிற்சேர்க்கை 1: அழுத்தமில்லாப் பந்தை (உள்ளே கூடுதல் அழுத்தத்தில் காற்று அடைக்காத வகை) கோவையில் வாங்கி நேரே கொண்டுபோனேன், அதுவும் துள்ளுகிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். துள்ளத்தான் செய்யும். அதற்குள் இருப்பதும் சமவெளிக் காற்றுதான். அந்த வகைப் பந்து போட்டி நடக்கும் உயரத்திலேயே 60 நாள் இருந்திருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. ஊட்டியில் நண்பர் வீடு இருந்தால் அங்கே போட்டு வையுங்கள்.

பிற்சேர்க்கை 2: காலை ஏழு மணிக்குப் பந்து செத்துக் கிடந்தது, நீங்கள் சொன்னது பொய் என்று இன்னொருவர் கோபித்திருக்கிறார். குளிரில் ரப்பர் இறுகி, உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமும் குறையும். பதினொரு மணி வெயிலில் அதே பந்தை அடித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள் ஐயா.

பிற்சேர்க்கை 3: திரும்பி வந்ததும் பந்தெல்லாம் வலையில் விழுகிறது என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். எனக்கும் அப்படித்தான், இரண்டு நாள் நீடித்தது. ஊட்டியிலிருந்து இறங்கிய மறுநாளே கோவையில் பந்தயம் கட்டி ஆடாதீர்கள். நான் ஆடி, மூன்று பேருக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன்.