வெளிநாட்டு வாழ்க்கைத்துணையை அமெரிக்காவுக்கு அழைத்துவருதல்: எந்த விசா?

அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், வெளிநாட்டிலுள்ள தம் துணையை அழைத்துவர எண்ணும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது, திருமணம் எங்கே நடக்கப்போகிறது என்பதே. திருமணத்துக்கு முன்பே வருவோருக்கான கே-1 விசாவில் வந்தால், 90 நாட்களுக்குள் மணமுடித்து, அதன்பின் நிரந்தரக் குடியிருப்புக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும்; அதுவரை வேலைக்குச் செல்லவும் வெளிநாடு சென்று திரும்பவும் தனி அனுமதி தேவை. திருமணம் முடித்து, துணைக்காகக் குடியுரிமையாளர் அளிக்கும் ஐ-130 என்னும் மனு வழியாக வருபவரோ, நாட்டுக்குள் நுழையும் நாளிலேயே நிரந்தரக் குடியிருப்பாளர் ஆகிவிடுகிறார். பிறிதொரு நாட்டில் மணம் செய்துகொள்ள இயலுமானால், இதுவே மேலான வழி என்பது என் உறுதியான கருத்து.

நுழையும்போது திருமணமாகி 2 ஆண்டுகள் நிறையாதிருந்தால், 2 ஆண்டுகளுக்கு மட்டும் செல்லும், நிபந்தனையுடன் கூடிய நிரந்தரக் குடியிருப்பு அட்டையே கிடைக்கும். அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து, அந்த நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 படிவத்தை அளிக்க வேண்டும். இந்தத் தேதியைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள்.

அழைப்பவரின் வருமானம் பொதுவாக, குடும்ப எண்ணிக்கைக்கு அரசு வகுத்த வறுமைக்கோட்டு அளவில் 125 விழுக்காடாவது இருக்க வேண்டும். குறைந்தால், உடன் நின்று பொருளாதாரப் பொறுப்பேற்கும் இணைப் பொறுப்பாளர் ஒருவரைச் சேர்க்கலாம்.

குடியேறும் நோக்கத்தை மறைத்துச் சுற்றுலா விசாவில் வரவழைப்பது, பொய்யுரைத்ததாகக் கொள்ளப்பட்டு, வாழ்நாள் தடைக்கே இட்டுச்செல்லக்கூடும்.