படத்தை யார் கையில் கொடுப்பது? கலவையான வகுப்பில் பேச்சுப் பயிற்சி

மொழி வகுப்பில் பேச்சுப் பயிற்சி என்றாலே நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஆரம்பத்தில் நானும் வகுப்பைத் திறமைப்படி இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன். 'சுமார்' பக்கம் உட்கார்ந்தவர்கள் அன்றோடு வாயை மூடிக்கொண்டார்கள். இப்போது எல்லோருக்கும் ஒரே வேலைதான்.

படி 1: ஜோடி சேர்ப்பது
ஓர் அறையின் எளிய படம் வரைந்துகொள்ளுங்கள். கட்டில், மேசை, நாற்காலி, ஜன்னல், கதவு என்று ஐந்தாறு பொருள் போதும். தயங்குபவர் கையில் படம், சரளமாகப் பேசுபவர் கையில் வெறுந்தாளும் பென்சிலும். சரளமானவர் படத்தைப் பார்க்காமல், கேள்வி கேட்டுக் கேட்டே அதை வரைய வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள்! விவரம் தயங்குபவரிடம் இருந்தால்தான் மற்றவர் கேட்டே ஆக வேண்டும்.

"நாற்காலி ஜன்னல் பக்கத்திலா?"
"இல்லை... கதவு பக்கத்தில்."

பதில் மூன்றே சொல். ஆனால் அது வராமல் பென்சில் நகராது.

படி 2: பேசும் முன் இரண்டு நிமிடம் அமைதி
மேலே, கீழே, இடப்பக்கம், நடுவில் போன்ற சொற்களைப் போர்டில் எழுதுங்கள். "படத்தில் ஒரு... இருக்கிறது" மாதிரி வாக்கியத் தொடக்கங்களைச் சீட்டில் எழுதி மேசை நடுவில் வையுங்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும். நீங்களே ஆள் பார்த்துக் கொடுத்தால் முத்திரை குத்தியது போலாகிவிடும்.

படி 3: காத்திருப்பது
இதுதான் நமக்குக் கஷ்டம். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று 1970-களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அறிவியல் வகுப்புகளைக் கவனித்துச் சொன்னார். 3 நொடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். அந்நிய மொழியில் யோசிப்பவருக்கு இன்னும் கூடவே தேவைப்படும். மனசுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள்.

நடுவில் புகுந்து பிழை திருத்த வேண்டாம். குறித்துவைத்து, கடைசியில் இரண்டு மூன்றை மட்டும் பெயர் சொல்லாமல் போர்டில் எழுதி வகுப்பையே திருத்தச் சொல்லுங்கள்.

படி 4: ஆள் மாற்றி, அதே பேச்சு
அடுத்து, படத்தில் இருப்பதை இருவரும் புதிய ஜோடிகளிடம் விவரிக்க வேண்டும். ஒரே விஷயத்தை 4, 3, 2 நிமிடங்களில் மூன்று பேரிடம் சொல்லும் முறை ஒன்று உண்டு. தொடக்க நிலையில் 4 நிமிடம் ரொம்ப நீளம், 2 நிமிடத்தில் தொடங்குங்கள். சரளமானவர்களுக்கு மட்டும் நேரத்தைக் குறையுங்கள். தயங்குபவருக்கு அதே 2 நிமிடம் இருக்கட்டும், மூன்றாவது முறை அவரே நிறைய சொல்வார்.

சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் ஜோடியிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "இந்த அறையில் யார் குடியிருக்கிறார்? ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?"