விமானப்படையின் இளநிலைப் படைவீரர் பதவிகளைச் சரியாக வாசித்தறியும் முறை

ஒரு விமானப்படைத் தளத்தின் புகைப்படத்தையோ, குடும்பத்தில் யாரோ விட்டுச்சென்ற பழைய சேவைக் குறிப்பேட்டையோ, போரில் இறந்தோரின் பட்டியலையோ வாசிக்க முற்படுபவர் பெரும்பாலும் அதிகாரிகளின் பதவிப்பெயர்களில் தடுமாறுவதில்லை. தடுமாற்றம் வருவது கீழ்ப்படிகளில்தான். ஏர்கிராஃப்ட்மேன், ஏர்மேன் ஃபர்ஸ்ட் கிளாஸ், ஸ்பெஷலிஸ்ட், சீனியர் ஏர்மேன் என்று நாட்டுக்கு நாடு மாறும் இப்பெயர்களை வாசகர்கள் ஒட்டுமொத்தமாகச் 'சிப்பாய்' என்று கொண்டு கடந்துவிடுகிறார்கள். அப்படிக் கடக்கும்போது ஒரு விமானத்தைப் பறக்கத்தக்க நிலையில் வைத்திருப்பவர் யார், அதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்ற செய்தியே நம் கையிலிருந்து நழுவிவிடுகிறது. அதைத் தவறவிடாமல் வாசிக்கும் வழியைக் கீழே விளக்குகிறேன்.

முதலில் அவர் எந்தப் படையைச் சேர்ந்தவர் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். விமானத்தின் அருகே நிற்பவர்கள் அனைவரும் விமானப்படையினர் அல்லர். கடற்படைக்கும் தரைப்படைக்கும் சொந்த வான்பிரிவுகள் உண்டு, அவற்றின் பதவிப்பெயர்களும் வேறு. அமெரிக்காவை எடுத்துக்கொண்டால், விமானப்படையில் சேருபவர் ஏர்மேன் பேசிக் என்ற நிலையில் தொடங்கி ஏர்மேன், ஏர்மேன் ஃபர்ஸ்ட் கிளாஸ், சீனியர் ஏர்மேன் என ஏறுகிறார். கடற்படையின் வான்பிரிவில் சேருபவரோ ஏர்மேன் ரெக்ரூட், ஏர்மேன் அப்ரென்டிஸ், ஏர்மேன் என்ற படிகளைக் கடந்து பெட்டி ஆபீசர் (கடற்படையில் பிறரை மேற்பார்வையிடும் பதவி) ஆகிறார். அதாவது 'ஏர்மேன்' என்ற ஒரே பெயர் விமானப்படையில் இரண்டாம் படியையும் கடற்படையில் மூன்றாம் படியையும் குறிக்கிறது. கடற்படை ஏர்மேனின் கையில் சாய்வாகத் தைத்த பட்டைகள் பச்சை நிறத்தில் இருக்கும் என்பதால், வண்ணப் படமாக இருந்தால் பிரித்தறிவது எளிது. தரைப்படையின் வான்பிரிவில் ஏர்மேன் என்ற பெயரே கிடையாது. அங்கே பிரைவேட், ஸ்பெஷலிஸ்ட் ஆகிய பொதுவான தரைப்படைப் பெயர்களே வழங்குகின்றன.

பிரிட்டிஷ் மரபைப் பின்பற்றும் படைகளில் வரிசை வேறுவிதமாக அமைகிறது. 1918 ஏப்ரல் 1ஆம் நாள் உருவான பிரிட்டனின் ராயல் விமானப்படையில் ஏர்கிராஃப்ட்மேன், லீடிங் ஏர்கிராஃப்ட்மேன், சீனியர் ஏர்கிராஃப்ட்மேன், அதன்பின் கார்ப்பரல் என்ற வரிசை நெடுங்காலம் வழக்கில் இருந்தது; 2022இல் கார்ப்பரலுக்குக் கீழுள்ள இப்பெயர்கள் ஏர் ஸ்பெஷலிஸ்ட் என்ற புதிய பெயரின் வகுப்புகளாக மாற்றப்பட்டன. 1932இல் தொடங்கப்பட்ட இந்திய விமானப்படையில் ஏர்கிராஃப்ட்ஸ்மேன், லீடிங் ஏர்கிராஃப்ட்ஸ்மேன், கார்ப்பரல், சார்ஜென்ட் என்பது மரபான ஏறுவரிசை. அதே 2022இல் இங்கே அக்னிபத் திட்டம் வந்தபின் சேருபவர்கள் அக்னிவீர்வாயு என்ற தனிப் பதவியில் 4 ஆண்டுகள் பணியாற்றுகின்றனர். அவர்களில் 25 விழுக்காடு வரையிலானோர் மட்டுமே நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவர் என்பது அறிவிக்கப்பட்ட விதி. எனவே இந்திய ஆவணம் ஒன்றை வாசிக்கும்போது அதன் ஆண்டைப் பார்க்காமல் பதவியை எடைபோட வேண்டாம்.

இரண்டாவதாக, எந்தப் படியில் தலைமைப் பொறுப்பு தொடங்குகிறது என்பதைக் கண்டறியுங்கள். பலர் பிழைபடும் இடம் இதுதான் என்பதால் சற்று நின்று பார்ப்போம். கமிஷன் (அதிகாரி நியமனம்) பெறாத படையினருள்ளும் இரு பகுதியினர் உண்டு: பிறரை மேற்பார்வையிடும் முறையான அதிகாரம் பெற்ற என்.சி.ஓ.க்கள் ஒரு பகுதி, அவர்களுக்குக் கீழே பணியாற்றுவோர் மற்றொரு பகுதி. இவ்விரு பகுதிகளைப் பிரிக்கும் கோடு எல்லாப் படைகளிலும் ஒரே உயரத்தில் வரையப்படவில்லை. நேட்டோ நாடுகள் தம் பதவிகளை ஒப்பிட்டுக்கொள்ள ஓ.ஆர்.1 முதல் ஓ.ஆர்.9 வரை எண்களைப் பயன்படுத்துகின்றன. அந்த அட்டவணையில் பிரிட்டிஷ் விமானப்படையின் கார்ப்பரலும் அமெரிக்க விமானப்படையின் சீனியர் ஏர்மேனும் ஓ.ஆர்.4 என்ற ஒரே எண்ணில் நிற்கிறார்கள். ஆனால் கார்ப்பரல் என்.சி.ஓ. ஆவார், சீனியர் ஏர்மேன் அப்படியல்லர், அவர் அடுத்த படியான ஸ்டாஃப் சார்ஜென்ட் ஆன பிறகே என்.சி.ஓ. என்று கொள்ளப்படுவார். அமெரிக்கத் தரைப்படைக்குள்ளேயே ஸ்பெஷலிஸ்டும் கார்ப்பரலும் ஒரே ஊதிய நிலையில் இருந்தாலும், கார்ப்பரல் மட்டுமே என்.சி.ஓ. என்பதைக் காணலாம். ஆகவே ஊதிய எண்ணோ நேட்டோ எண்ணோ ஒத்திருப்பதால் அதிகாரமும் ஒத்திருக்கும் என்று முடிவுசெய்துவிடக் கூடாது.

சின்னங்களை வாசிப்பது மேற்கண்ட இரண்டையும்விட எளிது. பிரிட்டிஷ் மரபில் லீடிங் ஏர்கிராஃப்ட்மேனின் கையில் இரண்டு தகடு கொண்ட புரொப்பல்லர் (விமானச் சுழலி) சின்னமும், சீனியர் ஏர்கிராஃப்ட்மேனின் கையில் மூன்று தகடு கொண்டதும் இருக்கும்; கார்ப்பரலுக்கு இரண்டு வி வடிவப் பட்டைகள், சார்ஜென்டுக்கு மூன்று. அமெரிக்க விமானப்படையில் நடுவே ஒரு நட்சத்திரமும் அதன் இருபுறமும் சிறகுபோல மேல்நோக்கி விரியும் பட்டைகளும் இருக்கும்: ஏர்மேனுக்கு ஒன்று, ஃபர்ஸ்ட் கிளாசுக்கு இரண்டு, சீனியர் ஏர்மேனுக்கு மூன்று. இங்கேதான் பட்டைகளை மட்டும் எண்ணுபவர் ஏமாறுகிறார். மூன்று பட்டை என்றதும் சார்ஜென்ட் என்று எழுதிவிடத் தோன்றும். பிரிட்டிஷ், இந்தியப் படங்களில் அது சரி, அமெரிக்க விமானப்படைப் படத்தில் அது பிழை. பட்டை எதுவும் இல்லாத கை, பெரும்பாலும் பயிற்சியில் இருப்பவரையோ அண்மையில் சேர்ந்தவரையோ காட்டும்.

பட்டைகளின் எண்ணிக்கையைக் கொண்டு பணிக்காலத்தைக் கணக்கிடுவதும் நம்பத்தக்கதன்று. அமெரிக்க விமானப்படையில் கல்லூரிப் பாட அலகுகளைப் போதிய அளவு முடித்தவர் சேரும்போதே ஒன்றிரண்டு படிகள் மேலே தொடங்கலாம். ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர் படி இறக்கப்படலாம். சீனியர் ஏர்மேன் வரையிலான உயர்வுகள் பெரும்பாலும் காலத்தையும் தகுதியையும் பொறுத்தே வருகின்றன. அதற்கு மேல்தான் தேர்வும் போட்டியும். ஆகவே 'இரண்டு பட்டை, எனவே இரண்டு ஆண்டு அனுபவம்' என்பது போன்ற கணக்கைக் கைவிடுங்கள்.

பதவியை அறிந்தபின் அவருடைய டிரேடு, அதாவது பயிற்சி பெற்ற தொழில், என்ன என்பதைத் தேடுங்கள். தொழில்நுட்பப் படையொன்றில் ஒருவரின் உண்மையான எடை இதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. எஞ்சின், விமானச் சட்டகம், மின்கருவி, ரேடார், ஆயுதம், எரிபொருள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிரேடுகள் இருக்கின்றன. ஒரே பதவியிலுள்ள இருவரில் ஒருவர் குறிப்பிட்ட பணியைத் தனித்துச் செய்யத் தகுதி பெற்றவராகவும், மற்றவர் கண்காணிப்பின்கீழ் மட்டுமே செய்யக்கூடியவராகவும் இருக்கலாம். அமெரிக்க விமானப்படையில் இத்தகுதி 3, 5, 7 என்ற திறன்நிலை எண்களால் குறிக்கப்படுகிறது. பயிற்சி முடித்துப் படைப்பிரிவுக்கு வரும் இளையவர் பொதுவாக 3ஆம் நிலையில் இருப்பார்.

அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் ஓடுதளப் படம் ஒன்றைப் பார்த்தால் இது தெளிவாகும். அங்கே மேற்சட்டையின் நிறமே வேலையைச் சொல்லிவிடுகிறது: எரிபொருள் நிரப்புவோர் ஊதா, ஆயுதங்களைக் கையாள்வோர் சிவப்பு, விமானங்களை நகர்த்த வழிகாட்டுவோர் மஞ்சள், பிளேன் கேப்டன்கள் பழுப்பு. பிளேன் கேப்டன் என்ற பெயரைக் கேட்டு அவரை விமானி என்றோ அதிகாரி என்றோ எண்ணவேண்டாம்; அவர் பெரும்பாலும் பச்சைப் பட்டை அணிந்த இளம் ஏர்மேன். ஒதுக்கப்பட்ட விமானத்தைச் சுற்றிவந்து ஒவ்வொரு மூடியையும் சக்கரத்தையும் குழாயையும் சோதித்து, விமானியை இருக்கையில் பட்டையிட்டு அமர்த்தி, எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் கைச்சைகைகளால் ஒவ்வொரு சோதனையாக அவரை நடத்திச்செல்பவர் அவர். அந்த விமானத்தின் உடலில் அவருடைய பெயரும் எழுதப்பட்டிருப்பதைப் படங்களில் காணலாம்.

கையெழுத்து அதிகாரத்தையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். அமெரிக்க விமானப்படையின் பராமரிப்புப் பதிவேட்டில் பறக்கத் தகாத பழுதுக்குச் சிவப்பு எக்ஸ் குறி இடப்படும். பழுதைக் கண்ட இளையவரும் அக்குறிக்குக் காரணமாகலாம். ஆனால் அதை நீக்கிக் கையெழுத்திட, அதற்கென அதிகாரம் அளிக்கப்பட்டவரால்தான் முடியும். கருவிப்பெட்டியில் ஒரு ஸ்பேனர் குறைந்தாலும், அது கிடைக்கும்வரை விமானம் தரையில் நிறுத்தப்படும். அந்தக் குறையை முதலில் சொல்லவேண்டியவர் பெட்டியைக் கையெழுத்திட்டு வாங்கிய இளநிலை வீரர்தான்.

பழைய ஆவணங்களை வாசிப்பவர்கள் ஆண்டைக் கண்டிப்பாகக் கவனிக்கவேண்டும். அமெரிக்க விமானப்படை 1947இல் தனிப்படையானபோதும், பிரைவேட், கார்ப்பரல் என்ற தரைப்படைப் பெயர்கள் நீங்கி ஏர்மேன் என்ற பெயர் வந்தது 1952இல்தான். பிரிட்டிஷ் விமானப்படையில் 1940 மே மாத இறுதியில்தான் விமானத்தில் பறக்கும் பணியினர் அனைவரும் குறைந்தது சார்ஜென்ட் நிலையில் இருக்கவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பறந்தவர்களில் பலர் ஏர்கிராஃப்ட்மேன்களாகவே இறந்தார்கள். 1940 மே 12ஆம் நாள் பெல்ஜியத்தில் ஆல்பர்ட் கால்வாய்ப் பாலத்தைத் தாக்கிய ஒரு பேட்டில் வகைக் குண்டுவீச்சு விமானத்தில் மூவர் இருந்தனர்: ஃப்ளையிங் ஆபீசர் டொனால்ட் கார்லண்ட், சார்ஜென்ட் தாமஸ் கிரே, லீடிங் ஏர்கிராஃப்ட்மேன் லாரன்ஸ் ரெனால்ட்ஸ். மூவரும் இறந்தனர். முதல் இருவருக்கும் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. அதே விமானத்தில் துப்பாக்கியை இயக்கிய ரெனால்ட்ஸுக்கு எந்த விருதும் வழங்கப்படவில்லை. அக்காலப் பட்டியலில் 'லீடிங் ஏர்கிராஃப்ட்மேன்' என்று கண்டதும் அவர் தரையில் பணியாற்றியவர் என்று முடிவுகட்டுவது எவ்வளவு பெரிய அநீதியாகும் என்பதை இந்த ஒரு நிகழ்ச்சியே காட்டும். விமானிப் பயிற்சியில் இருந்த இளைஞர்களும் அப்போது இதே பதவியில்தான் இருந்தனர். அவர்களைத் தொப்பியின் முன்புறத்தில் செருகிய வெள்ளைத் துணியைக் கொண்டு பிரித்தறியலாம்.

நேரில் விளிக்கும்போது, அமெரிக்க விமானப்படையின் முதல் நான்கு படியினரையும் 'ஏர்மேன்' என்றே அழைக்கலாம். ஸ்டாஃப் சார்ஜென்ட் முதல் 'சார்ஜென்ட்' என்பது முறை. பெண்களுக்கும் ஏர்மேன் என்பதே அங்கே பதவிப்பெயர். பிரிட்டிஷ் மரபில் கார்ப்பரலைக் 'கார்ப்பரல்' என்றே விளிப்பார்கள். சல்யூட் கமிஷன் பெற்ற அதிகாரிகளுக்கு உரியது. இளநிலை வீரர் தம் சார்ஜென்டுக்கு அதைச் செலுத்துவதில்லை.

நீங்களே ஒருவரைப் பற்றிக் குறிப்பு எழுதினால், படையின் பெயர், அந்நாளில் அவர் வகித்த பதவி, பெயர், சேவை எண், டிரேடு, படைப்பிரிவு, தேதி என்ற வரிசையில் எழுதுங்கள். பிற்காலத்தில் பெற்ற பதவியை முன்னைய நிகழ்ச்சிக்கு ஏற்றிச் சொல்லாமல், தேவைப்பட்டால் 'பின்னர் சார்ஜென்ட்' என்று தனியே சேருங்கள். பதவிப்பெயரை வேறொரு நாட்டின் பெயராக மாற்றாமல் அந்தப் படை வழங்கியபடியே எழுதி, என்.சி.ஓ. ஆவாரா இல்லையா என்பதை அதன் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.